மாமாவின் தூக்குச் சட்டம்

தூக்குச் சட்டம் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தேன். பத்து நிமிடத்தில் இரண்டு வழக்கறிஞர்களின் எண்கள் வந்து சேர்ந்தன. வானொலியில் வேலை செய்பவள் ஆயிற்றே, 2023இல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டதைப் பற்றி ஏதோ நிகழ்ச்சி செய்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். நான் தேடியதோ நல்ல வெல்டர் ஒருவரை.

எனக்கு வேண்டியிருந்தது படகு என்ஜினைத் தூக்கும் சட்டம். இரண்டு பக்கமும் ஆங்கில 'ஏ' எழுத்தைப் போல விரிந்த கால்கள், மேலே குறுக்கே ஓர் இரும்பு விட்டம், அதன் நடுவில் தொங்கும் சங்கிலிக் கப்பி. பட்டறைக்காரர்கள் சட்டத்தைக் கேன்ட்ரி என்பார்கள், கப்பியைச் செயின் புளோக் என்பார்கள். நானும் இனி அப்படியே சொல்லிவிடுகிறேன். வழக்கறிஞர்களை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்?

என் அம்மாவின் தம்பிக்கு ஊத்தான் மெலிந்தாங்கில் ஒரு சிறிய பட்டறை இருக்கிறது. பேராக்கையும் சிலாங்கூரையும் பிரிக்கும் பெர்ணம் ஆற்றின் கரை அது. இந்தப் பக்கம் நின்று பார்த்தால் எதிர்க்கரையில் சபாக் பெர்ணம். தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் டிராக்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்த மாமா, அந்த வேலையை விட்டு ஆற்றோரம் வந்து முப்பது வருடம் ஆகிறது. இப்போது வயது 61. மலாய், சீன மீனவர்கள்தான் பெரும்பாலும் வாடிக்கையாளர்கள். படகின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்ட் என்ஜினும் வரும், படகின் வயிற்றுக்குள் உட்காரும் டீசல் என்ஜினும் வரும்.

15 குதிரைத்திறன் அவுட்போர்ட் என்றால் 40 கிலோவுக்குள் இருக்கும். தெம்பான ஆள் ஒருவர் தோளில் வைத்துக்கொண்டு நடந்துவிடுவார். 40 குதிரைத்திறன் என்றால் 70, 80 கிலோ. அதற்கு இரண்டு பேர் வேண்டும். இப்போது வரும் 115 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின்கள் 170 கிலோவைத் தொடுகின்றன. அதுவும் பாரம் முழுவதும் தலையில்தான். மேலே என்ஜின், கீழே ஒல்லியான கால். படுக்க வைத்துத் தூக்கினால் சட்டென்று திரும்பிக்கொள்ளும். வயிற்றுக்குள் இருக்கும் நான்கு சிலிண்டர் டீசல் என்ஜினைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், கியர்பாக்ஸோடு சேர்த்து அரை டன் வரும்.

இவற்றையெல்லாம் மாமா எப்படித் தூக்கிக்கொண்டிருந்தார்? ஆள் பிடித்துத்தான். ஒரு நீளமான மரக்கட்டை, அதில் கயிறு, இரண்டு முனையிலும் தோள் கொடுக்க ஆட்கள். டீசல் என்ஜின் என்றால் படகைப் படகுத்துறைக்குக் கீழே கட்டிவிட்டு, துறையின் குறுக்கு மரத்தில் கப்பியை மாட்டி நான்கைந்து பேர் இழுப்பார்கள். டீ வாங்கிக் கொடுத்தால் போதும், பக்கத்துக் கடைகளிலிருந்து ஆட்கள் வந்துவிடுவார்கள். அது ஒரு திருவிழா போல இருக்கும். சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்குப் போகும்போது நானும் கரையில் நின்று கைதட்டியிருக்கிறேன்.

அந்தத் திருவிழா நான்கு வருடங்களுக்கு முன்பு நின்றுபோனது. மாமாவிடம் நெடுநாள் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் இருந்தார். ஒரு நாள் டீசல் என்ஜின் படகிலிருந்து பாதி வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், கழற்ற மறந்த குழாய் ஒன்று பிடித்துக்கொண்டது. துருப்பிடித்த போல்ட் திரும்பவில்லை. அதோடு போராடிக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில் கடல் ஏறிக்கொண்டிருந்தது.

மலாக்கா நீரிணைக் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கிள்ளான் துறைமுகத்தில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் 4 மீட்டர். எங்கள் ஆற்று முகத்திலும் அது நன்றாகவே தெரியும். என்ஜின் துறையில் தொங்குகிறது, படகு தண்ணீரில் மிதக்கிறது. தண்ணீர் ஏற ஏறப் படகும் ஏறும். அப்படி ஏறிய படகு அடியிலிருந்து என்ஜினைத் தாங்கிப் பிடித்ததும் கயிறு தளர்ந்தது. தளர்ந்த கயிற்றின் கண்ணி ஒரு பக்கம் நழுவி, என்ஜின் சாய்ந்துவிட்டது. அண்ணனின் இடது காலில் மூன்று விரல்கள் போயின. கயிறும் அறுந்துவிடவில்லை, கட்டையும் முறிந்துவிடவில்லை என்பதை மாமா பலமுறை சொல்லியிருக்கிறார். அப்போது பட்டறையில் யாருக்கும் பெர்கேசோ சந்தா கட்டும் வழக்கமில்லை. ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் முதலாளி பதிய வேண்டும் என்பது மாமாவுக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. மருத்துவச் செலவையும் ஆறு மாதச் சம்பளத்தையும் அவரே கொடுத்தார். அண்ணன் திரும்பி வரவில்லை. இப்போது பள்ளிக்கூடம் ஒன்றில் காவலாளியாக இருக்கிறார்.

அதன் பிறகு மாமா டீசல் வேலையை விட்டுவிட்டு, சின்ன அவுட்போர்ட்களை மட்டும் பார்த்துக்கொண்டு காலம் தள்ளினார். போன வருடம் தோட்டத்திலிருந்து 19 வயதுப் பையன் ஒருவன் வேலை கற்றுக்கொள்ள வந்தான். கார்புரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிறான் என்று மாமா அவனைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார். இரண்டு மாதம் கழித்து அவனுடைய அம்மா பட்டறைக்கு வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கத்துக்கட்டும், வேணாம்னு சொல்லலண்ணே. ஆனா தூக்குற வேலைன்னா என் புள்ளைய அனுப்ப மாட்டேன். அந்த அண்ணனத் தினமும் ஸ்கூல் வாசல்ல பாக்குறேன்."

மாமா பதில் சொல்லவில்லை. அன்று இரவு என்னிடம், "பாப்பா, ஒரு கேன்ட்ரி என்ன விலை வரும்னு கேட்டுச் சொல்றியா?" என்றார். பையன் போய்விட்டால் பட்டறையை மூடிவிட வேண்டியதுதான். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, எனக்கும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

முதலில் எல்லாரும் சொன்னது, கார் ஒர்க்‌ஷாப்களில் இருக்கும் மடக்கு என்ஜின் கிரேனை வாங்கிவிடுங்கள் என்பதுதான். ஹைட்ராலிக் கை கொண்டது, சக்கரம் உண்டு, விலையும் அதிகமில்லை. உடம்பில் '2 டன்' என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். அந்த 2 டன் என்பது கையை முழுவதும் உள்ளே தள்ளி வைத்திருக்கும்போது மட்டும். கையை வெளியே நீட்ட நீட்டத் தாங்கும் எடை குறைந்துகொண்டே வந்து, கடைசித் துளைக்கு வரும்போது பெரும்பாலானவற்றில் அரை டன்தான் மிஞ்சும். படகுக்கோ கையை நீட்டித்தான் ஆக வேண்டும், என்ஜின் நடுவில் அல்லவா இருக்கிறது? இன்னொரு தொல்லை, அந்தக் கிரேனின் இரண்டு கால்களும் பாரத்துக்கு அடியில் நுழைய வேண்டும். காருக்கு அடியில் நுழையும். டிரெய்லரில் ஏற்றிய படகுக்கு அடியில் சக்கரமும் அச்சும் வழியை மறித்துக்கொண்டு நிற்கும். எங்களுக்குத் தெரிந்த பட்டறை ஒன்றில் அப்படி வாங்கிய கிரேனில் இப்போது ஈர மழைக்கோட்டுகள் காய்கின்றன.

ஆகவே கேன்ட்ரிதான் என்று முடிவானது. வாங்குவதா, செய்வதா? ஆயத்தமாக விற்பவை எங்கள் தேவைக்கு உயரம் போதவில்லை. இந்த உயரக் கணக்கைப் பலர் தரையிலிருந்து போட்டுத் தவறவிடுவார்கள் என்று மாமாவின் மூத்த மகள் சொன்னாள். கோலாலம்பூரில் கட்டடப் பொறியியலாளராக இருக்கிறாள். சுண்டக் காய்ச்சிய பால் மாதிரிப் பேசுவாள், இரண்டு சொல்லில் விஷயம் முடிந்துவிடும். படகை டிரெய்லரில் ஏற்றினால் அதன் விளிம்பு தரையிலிருந்து ஒன்றரை மீட்டர். என்ஜினின் அடிப்பாகம் அதைத் தாண்டி மேலே போக வேண்டும். என்ஜினின் உயரம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு மேல் கட்டும் நாடா அரை மீட்டர். செயின் புளோக்கை முழுவதும் சுருக்கினாலும் அதுவே 30 சென்டிமீட்டரை எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் கூட்டி, கொஞ்சம் இடமும் விட்டால், விட்டத்தின் அடிப்பக்கம் 3.6 மீட்டரில் நிற்க வேண்டும். பட்டறையின் தகரக் கூரை அதைவிடத் தாழ்வு. எனவே கேன்ட்ரி வாசலுக்கு வெளியே, ஆற்றிலிருந்து ஏறிவரும் சிமெண்டுச் சரிவுக்கு மேல் இருக்கும் சமதளத்தில் என்றானது.

விட்டத்தின் நீளம் 2.7 மீட்டர். "இன்னும் கொஞ்சம் அகலமா வெச்சா பெரிய படகும் நுழையுமே?" என்று நான் கேட்டேன். ஒரே பாரம், ஒரே இரும்பு, நீளத்தை மட்டும் இரண்டு மடங்காக்கினால் விட்டம் வளைவது எட்டு மடங்காகும் என்றாள். அதற்குப் பிறகு நான் அகலத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. 100க்கு 100 மில்லிமீட்டர் எச்-பீம் போதும், மீட்டருக்கு 17 கிலோ எடை, 700 கிலோ வரை தூக்கினால் அந்த இரும்புக்குச் சிரமமே தெரியாது என்று கணக்குப் போட்டு அனுப்பினாள்.

பழைய இரும்புக் கடைகளுக்குத் தொலைபேசியில் பேசும் பொறுப்பு என்னுடையது. தெலுக் இந்தான் பக்கம் ஒரு கடைக்காரர், "நீங்க ராத்திரி ரேடியோல பேசுறவங்கதானே?" என்று கண்டுபிடித்து 50 வெள்ளி குறைத்துக் கொடுத்தார். பதினோரு வருட வானொலி வாழ்க்கையில் குரலுக்குக் கிடைத்த நேரடிப் பலன் அது. பழைய விட்டத்தை வாங்கும்போது மாமா செய்ததைப் பார்க்க வேண்டும். ஒரு முனையில் கண்ணை ஒட்டி வைத்து, ஒரு கண்ணை மூடி, மறுமுனை வரைக்கும் பார்த்தார். முறுக்கு இருந்தால் அதில் தெரிந்துவிடும். பிறகு சுத்தியலால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு தட்டு. முதல் விட்டத்தின் நடுவில் கேஸ் வைத்து அறுத்த ஓட்டை ஒன்று இருந்தது, வேண்டாம் என்றார். மூன்றாவதுதான் தேறியது.

படம் வரைந்தபோது மாமாவுக்கும் மகளுக்கும் ஒரு வாக்குவாதம். அவள் கால்களுக்குச் சக்கரம் போட்டிருந்தாள், விட்டத்தில் ஓடும் தள்ளுவண்டியும் வைத்திருந்தாள். தொங்கும் என்ஜினோடு கேன்ட்ரியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குள் போய்விடலாம் என்பது அவள் எண்ணம். மாமா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அரை டன்ன தலைக்கு மேல தொங்க விட்டுக்கிட்டு நான் ஏம்மா நடக்கணும்? என்ஜினு அங்கயே நிக்கட்டும். படக நகத்து."

அவ்வளவுதான். என்ஜினை நேராக மேலே தூக்குவது, டிரெய்லரோடு படகை வின்ச் போட்டு அடியிலிருந்து இழுத்துவிடுவது, காலியான இடத்தில் ஒரு தள்ளுமேசையை வைத்து அதன்மேல் என்ஜினை இறக்குவது. சக்கரமும் வேண்டாம், ஓடும் வண்டியும் வேண்டாம். காலைச் சிமெண்டுத் தரையில் போல்ட் போட்டு இறுக்கிவிடலாம். செலவில் சில நூறு வெள்ளி மிச்சம். பொறியியலாளர் ஒன்றும் பேசாமல் படத்திலிருந்து சக்கரங்களை அழித்தாள்.

வெல்டிங் இரண்டு நாளில் முடிந்தது. கால்களுக்கு வாங்கியது துத்தநாகம் பூசிய குழாய். ஒட்டும் இடங்களில் அந்தப் பூச்சைத் தேய்த்து எடுத்த பிறகுதான் வெல்டர் தீயே வைத்தார். அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் இரவு குளிர்காய்ச்சல் வந்துவிடும் என்று அவர் அனுபவத்தில் தெரிந்துவைத்திருந்தார். விட்டமும் காலும் சேரும் மூலைகளில் சாய்வாக முட்டுக்கொடுத்தார்கள். அது இல்லாவிட்டால் சட்டம் பழைய கட்டிலைப் போல ஆடும். செயின் புளோக் மட்டும் புதிது, 1 டன். அதில் மிச்சம் பிடிக்க மாமா ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாம் சேர்த்து 2,000 ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவு. மூன்று பேரும் பங்கு போட்டுக்கொண்டோம்.

சோதனை நாளன்று பையனின் அம்மாவையும் மாமா வரச் சொல்லியிருந்தார். சொன்ன பாரத்தைவிடக் கால் பங்கு கூடுதலாகத் தூக்கிப் பார்ப்பது இந்தத் தொழிலில் வழக்கம். 700 கிலோவுக்குக் கால் பங்கு கூட்டினால் 875. நான்கு காலி டிரம்களை ஒரு பலகையில் சேர்த்துக் கட்டி, தரையிலிருந்து பத்து சென்டிமீட்டர் தூக்கி நிறுத்திவிட்டு, எல்லாரும் தள்ளிப் போய் நின்றுகொண்டோம். பிறகு குழாயைத் திறந்து டிரம்களில் தண்ணீர் விட்டோம். ஒரு டிரம்முக்கு 200 லிட்டர், டிரம்மின் எடை 20 கிலோ. நான்கும் நிறைந்தால் 880. பாரம் ஒரேயடியாக ஏறாமல் மெல்ல ஏறும், பக்கத்தில் யாரும் நிற்கத் தேவையில்லை. விட்டத்தின் நீளத்துக்கு ஒரு மீன்பிடி நரம்பை இழுத்துக் கட்டியிருந்தார்கள். வளைவு எவ்வளவு என்பதை அது காட்டும்.

தண்ணீர் நிறைய முக்கால் மணி நேரம். என் கணக்கில் பத்துப் பாட்டும் இரண்டு விளம்பர இடைவேளையும். நடு விட்டம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் இறங்கியது. மகளின் கணக்கும் அதேதான். ஒரு மணி நேரம் அப்படியே விட்டு, டிரம்களை இறக்கியதும் விட்டம் பழைய கோட்டுக்கே திரும்பியது. கைதட்டினோம். பையனின் அம்மா கைதட்டவில்லை.

"இரும்பு நிக்கும்ண்ணே, பாத்துட்டேன். அந்தச் சங்கிலியோ கயிறோ அறுந்துச்சுன்னா, என் புள்ள எங்க நிப்பான்?"

இத்தனை வாரத்தில் நாங்கள் மூவரும் கேட்காத கேள்வி அது. எச்-பீம் தாங்குமா, போல்ட் தாங்குமா என்றே பேசிக்கொண்டிருந்தோம். மாமா உள்ளே போய் மஞ்சள் பெயிண்டும் தூரிகையும் எடுத்து வந்தார். விட்டத்துக்கு அடியில் தரையில் ஒரு கட்டம் போட்டார். பாரம் தொங்கும்போது அந்தக் கட்டத்துக்குள் யார் காலும் இருக்கக் கூடாது. கைச்சங்கிலி கட்டத்துக்கு வெளியே நின்று இழுக்கும்படி நீளமாக இருக்கிறதா என்று பையனை இழுக்கச் சொல்லிப் பார்த்தார். எட்டவில்லை, சாய்த்து இழுக்க வேண்டியிருந்தது. சாய்த்து இழுத்தால் சங்கிலி சக்கரத்தில் சிக்கிக்கொள்ளும். கட்டத்தை அந்த ஒரு பக்கம் மட்டும் குறைத்தார்கள், ஆள் நிற்கும் இடத்துக்கும் பாரத்துக்கும் நடுவே ஒரு குழாய்த் தடுப்பு வைத்தார்கள். அந்த அம்மா அதன் பின்னால் தானே போய் நின்று பார்த்தார். "ம்" என்றார். பையனுக்கு அந்த மாதத்திலிருந்தே பெர்கேசோ சந்தா கட்டப்படுகிறது என்ற தாளையும் மாமா காட்டினார்.

எனக்கு அந்த இயந்திரத்தில் மிகப் பிடித்தது அதன் ஓசை. பாரம் ஏறும்போது செயின் புளோக்குக்குள் இருக்கும் ஒரு சின்ன இரும்பு நாக்கு பல்லுக்குப் பல் விழுந்து 'டிக் டிக்' என்று சொல்லிக்கொண்டே வரும். கையை விட்டாலும் பாரம் கீழே வராமல் பிடித்து நிறுத்தும் ஏற்பாட்டில் அந்த நாக்குக்குப் பங்கு உண்டு. இறக்கும்போது சத்தம் இருக்காது. "ஏத்தும்போது சத்தம் கேக்கலன்னா உடனே நிறுத்து, என்னக் கூப்பிடு" என்பது பையனுக்கு மாமா கொடுத்த முதல் பாடம். இதற்காகவே வேலை நேரத்தில் பட்டறை வானொலியை அணைத்துவிடுகிறார்கள். என் நிகழ்ச்சி என்றாலும் விதிவிலக்கு கிடையாதாம்.

இரண்டாவது பாடம் நாடா கட்டுவது. அதுதான் நிஜமாகவே கடினம். இரண்டு பேர் ஒரு வாளித் தண்ணீரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஒட்டி நின்றால் சுலபம். விலகி நிற்க நிற்கக் கை இற்றுப்போகும், வாளி அதே வாளிதான். என்ஜினின் இரண்டு முனைகளில் மாட்டும் நாடாவும் அப்படியே. நாடாக்கள் செங்குத்தாக இருந்தால் 500 கிலோ என்ஜினில் ஒவ்வொன்றுக்கும் 250 கிலோ. தரையோடு 30 பாகைக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொன்றுமே முழு 500 கிலோவையும் இழுக்கும். நாடாவின் நீளத்தைக் குறைத்து உயரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று கை அரிக்கும் இடம் இதுதான். ஊதா நிற நாடா 1 டன், பச்சை 2 டன் என்று நிறத்திலேயே கணக்கு இருக்கிறது. மாமா எப்போதும் பச்சையைத்தான் எடுக்கிறார். கூரான இரும்பு படும் இடத்தில் பழைய டயர் டியூபைச் சுற்றுகிறார். நாடாவில் முடிச்சு என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதல் டீசல் என்ஜினைத் தூக்கியபோது நான் கோலாலம்பூரில் இருந்தேன். காணொளி வந்தது. ஒல்லியான பையன் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒரு கையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, கைச்சங்கிலியை நிதானமாக இழுக்கிறான். முப்பது மீட்டருக்கு மேல் இழுத்தால்தான் என்ஜின் ஒரு மீட்டர் ஏறும். டீ குடிக்க வந்த பக்கத்துக் கடைக்காரர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சலிப்போடு போய்விட்டார்கள். கைதட்ட ஒன்றுமில்லை.

போன மாதம் ஒரு தவுக்கே வந்தார். மாமாவுக்கு இருபது வருடப் பழக்கம். ஆறு சிலிண்டர் என்ஜின், கியர்பாக்ஸோடு 900 கிலோவுக்குக் குறையாது. அந்த ஒரு வேலை கிடைத்தால் மாமாவுக்கு இரண்டு மாத வாடகை. 880 தாங்கியதே, இன்னும் இருபது கிலோதானே, செயின் புளோக்கிலும் 1 டன் என்று போட்டிருக்கிறதே என்றெல்லாம் தவுக்கே மலாயில் வாதாடினார். சோதனைக்குத் தாங்கியது வேறு, தினமும் தூக்குவது வேறு என்று மாமா சொல்லிப் பார்த்தார். தவுக்கே கேட்பதாக இல்லை. மாமாவும் கொஞ்சம் தடுமாறினார் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் பையனைத் திரும்பிப் பார்த்திருக்கிறார். பையன் விட்டத்தை நிமிர்ந்து பார்த்தானாம். அதில் '700' என்று சிவப்பில் எழுதியவன் அவன்தான்.

படகை மேலே ஏற்றும் வசதியுள்ள பெரிய பட்டறை ஒன்றின் எண்ணை மாமா தாளில் எழுதிக் கொடுத்தார். தவுக்கே கோபத்தோடு எதிர்க்கரைக்குப் படகைத் திருப்பிக்கொண்டு போனார். அன்றைக்கு மாமாவின் வருமானம், ஒரு 15 குதிரைத்திறன் என்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் மாற்றிய கூலி.